லோகேஸ்வரி அக்காவின் ஐந்தாவது கியர்

16 ஜூன் 2025, திங்கள்

காலை எட்டரைக்கு லோகேஸ்வரி அக்காவிடமிருந்து போன். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை.

"ஷார்மைன், உன் கியர் செத்துப்போச்சு."

என் கியராம். ஓடும்போது அது அக்காவின் மெஷின், நின்றுவிட்டால் என் கியர்.

அக்காவுக்குக் கிள்ளானில் முறுக்கு பெக்டரி. மாவு பிழியும் மெஷினில், மோட்டார் பக்கம் ஒரு சின்ன கியர், அதோடு பல் கோத்துச் சுற்றும் ஒரு பெரிய கியர். பழைய பெரிய கியர் பதினோரு வருஷம் உழைத்து ஓய்ந்ததும், புதியதைப் பித்தளையில் வரைந்து கொடுத்தவள் நான். ஏப்ரல் 21 மாட்டினோம். இன்றோடு எட்டே வாரம். மூன்று வருஷம் ஓடும் என்று வாயால் சொல்லியிருந்தேன். நல்ல வேளை, எழுதிக் கொடுக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை லா, ஷார்மைன்" என்று ஆரம்பித்தார் பாஸ். திருச்செல்வம் பாஸ் அப்படி ஆரம்பித்தால் நிறையச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். சொன்னார். தீபாவளி சீசனில் மெஷின் நின்றால் மேருவில் கியர் பட்டறை வைத்திருக்கிற நம் பெயர் கிள்ளான் முழுக்க நாறும். இந்தத் தடவை பார்த்துச் செய். அப்புறம், ஜீவன் அடுத்த மாதம் வருகிறான்.

ஜீவன், பாஸின் அக்கா மகன். இங்கிலாந்தில் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ். நான் மலேசியப் பாலிடெக்னிக் சான்றிதழ். பதினேழு வருஷம் மற்றவர்கள் போட்ட டிராயிங்கைப் பிரதி எடுத்துவிட்டு, டிசைனர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டே வருஷம் ஆகிறது. அவன் வருகிற விஷயத்தை பாஸ் ஏன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்?

18 ஜூன், புதன்

கிள்ளான் போய் வந்தேன். மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் நாகையா அண்ணன். அறுபதைத் தாண்டியவர். மெஷினுக்கு ராஜாத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்.

கியர் மூடியில் காது வைத்த நட்டு நான்கு. ஸ்பானர் வேண்டாம், கையாலேயே திருகித் திறக்கலாம். பழைய மூடியைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆகும். கிரீஸ் போட வசதியாக இருக்கட்டும் என்று இந்தப் புது மூடியை வரைந்தவளும் நானே. அதை அவருக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன்.

"ரொம்ப வசதிம்மா. நெனச்சப்ப தொறக்கலாம்" என்றார். பெருமையாக இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பல் உடையவில்லை, வெடிக்கவில்லை. எல்லாப் பல்லும் ஒரே சீராகத் தேய்ந்து, நுனி காகிதமாகிவிட்டது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து சேண்ட் பேப்பர் போட்ட மாதிரி. கிரீஸ் சாம்பல் நிறமாகியிருந்தது. தேய்ந்த உலோகம் கலந்தால் அப்படித்தான் ஆகும்.

பித்தளை பார்க்க அழகு, இந்த வேலைக்குப் போதாது. தப்பு என்னுடையதுதான். இதை இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

19 ஜூன், வியாழன்

வெண்கலம். முடிவு செய்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரர் டொமினிக்குக்கு விளக்கினேன். பாவம் மனுஷன், சென்ட்ரல் ரயில் ஸ்டேஷன் கவுண்டரில் நாள் முழுக்க ஊர்க்காரர்கள் புகாரைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் என்னுடையதைக் கேட்கிறார். இரண்டு கியரும் ஒரே கடினமாக இருக்கக்கூடாது, ஒன்று கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், எதைக் கழற்றி மாற்றுவது சுலபமோ அது விட்டுக்கொடுக்கட்டும் என்றேன்.

"நம்ம வீட்டுல அது நான்தானே?" என்றார்.

23 ஜூன், திங்கள்

மாட்டியாயிற்று. சின்னது ஸ்டீல், பெரியது வெண்கலம். பல் வெட்டும் மெஷினில் நிற்கிற பாலனிடம் சொல்லி ஒன்றுக்கு இரண்டாக வெட்ட வைத்தேன். இரண்டாவது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க.

வழக்கம்போல யாரும் பார்க்காத நேரத்தில், இரண்டின் முகத்திலும் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் ஐந்து புள்ளி. குட்டிச் சிலுவை. நான் வரைந்த எந்த கியரும் அது இல்லாமல் பட்டறையை விட்டுப் போனதில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. தெரியும்.

4 ஜூலை, வெள்ளி

லோகேஸ்வரி அக்காவிடமிருந்து போன் இல்லை.

14 ஜூலை, திங்கள்

ஜீவன் வந்துவிட்டான். உயரம், பணிவு, சுத்தமான ஷூ. கை கொடுத்து, "ஹலோ ஆன்டி" என்றான்.

ஆன்டி! நாற்பத்து மூன்று வயதில் ஒரு இருபத்தாறு வயசுக்காரனுக்கு நான் ஆன்டியா? பாலன் எல்லாம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். டொமினிக்கிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கணக்குப்படி சரிதான்" என்றார். இவரிடம் கேட்டிருக்கக்கூடாது.

11 ஆகஸ்ட், திங்கள்

போன் வந்தது.

ஏழு வாரம். பித்தளை எட்டு வாரம் ஓடியது, அதைவிட நல்ல வெண்கலம் ஏழு! எந்த ஊர் நியாயம் இது?

அதே தேய்மானம். அதே சாம்பல் நிறக் கிரீஸ். அளவு எடுத்தேன், மோட்டார் வேகம் பார்த்தேன், இரண்டு அச்சும் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துக்கூடப் பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது எங்கே போய்த் தப்பைத் தேடுவது?

"நான் ஒண்ணும் சொல்லலை லா" என்றார் பாஸ். "இது கடைசித் தடவை. இன்னொண்ணு போச்சுன்னா டிசைன் வேலை மொத்தமும் ஜீவன் பார்க்கட்டும். நீ பழையபடி டிராயிங் பிரதி எடு."

பழையபடி. பதினேழு வருஷம் எடுத்த பிரதி போதாதா எனக்கு?

14 ஆகஸ்ட், வியாழன்

நைலான் மாட்டினேன். துணிச்சல்தான். ஆனால் மாவு பிழிகிற பாரத்தை நைலான் தாங்கும், சத்தம் போடாது, துருப் பிடிக்காது. மெஷினைப் போட்டதும் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்களாம், அவ்வளவு அமைதி.

நாகையா அண்ணன் மட்டும் வெள்ளைச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து முகம் வாடினார்.

"பிளாஸ்டிக்காம்மா? நம்ம ராஜாத்திக்கா?"

"நைலான், அண்ணே. நல்லது."

"சரிம்மா. நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்."

அவர் சொன்ன விதம் மனதைத் தொட்டது. பாஸிடமிருந்து எனக்கு அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டு வாரம் தாண்டியது. டொமினிக்குக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

12 செப்டம்பர், வெள்ளி

முடியலை. என்னால முடியலை.

நைலான் அப்படியே இருக்கு. ஒவ்வொரு பல்லும் நான் கொடுத்த அளவுல அப்படியே இருக்கு! தேய்ஞ்சது ஸ்டீல். அந்தச் சின்ன ஸ்டீல் கியர் இளைச்சுப் போய் நிக்குது. பஞ்சு கத்தியைத் தின்னுருக்கு. நாலு வாரத்துல. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா யார் நம்புவா?

லோகேஸ்வரி அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "தீபாவளிக்கு நாலாயிரம் டின் ஆர்டர் எடுத்துட்டேன், ஷார்மைன். முப்பது பொம்பளைங்க வேலை பார்க்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

17 செப்டம்பர், புதன்

டிசைன் ஜீவன் கைக்குப் போய்விட்டது. நாற்காலி இன்னும் என்னுடையதுதான். வேறு நாற்காலி வாங்கும்வரை.

அவன் வரைந்தது இரண்டும் நல்ல அலாய் ஸ்டீல், பல் நேராக இல்லாமல் சாய்வாக, சூளையில் வைத்துக் கடினமாக்கியது. பிரதி எடுத்தவள் நான். குறை கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் உற்றுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இதுதான் எரிச்சல்.

"ஏதாவது மாத்தணுமா, ஆன்டி?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். இல்லை என்றேன்.

நாளை மாட்டுகிறார்கள். நாலாவது கியர். ஐந்து புள்ளி குத்தினேன். அவனுடைய கியர்தான், ஆனாலும் குத்தினேன்.

24 செப்டம்பர், புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

தோற்றுப்போன நைலான் கியர் மேசையிலேயே கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பல்லின் மேல்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ பதிந்திருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் கழுவினேன். கோப்பையின் அடியில் சாம்பல் நிறப் பொடி தங்கியது. வடித்து, பேப்பரில் கொட்டி வெயிலில் வைத்தேன். காந்தம் வைத்தால் கொஞ்சம்தான் ஒட்டியது, மீதி நகரவில்லை. அப்படியானால் அது இரும்பு இல்லை.

ஜீவன் சாப்பிடப் போயிருந்தான். பாலனைக் கூப்பிட்டு, "இது என்ன பொடின்னு தெரியுதா?" என்று கேட்டேன். பாலன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அப்புறம் கை தன்னால் மேலே போய் நெற்றியில் ஒரு கோடு இழுத்தது.

"பாலா, இப்ப என்ன பண்ணினே?"

"என்ன பண்ணேன்?"

"நெத்தியைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்து அவனே திகைத்தான். "மண்ணெண்ணெய்க்கு அடியில திருநீறு வாசம் வந்துச்சுக்கா, கை தானா போயிருச்சு. கியர் பாக்ஸுக்குள்ள எப்படி இருக்கும்? காலையில நான் வச்சது கையில ஒட்டியிருக்கும் லா." சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நான் சிரிக்கவில்லை. திருநீறு சாணத்தை எரித்த சாம்பல். அதில் மணல் சத்து இருக்கிறது. சாம்பல் போட்டுப் பித்தளைப் பாத்திரம் தேய்த்த வம்சத்தில் பிறந்தவளுக்கு இது மூன்று மாதமாகத் தோன்றவில்லை! மணல் நைலானில் பதிந்தால் நைலானே சேண்ட் பேப்பர். எதிரே இருக்கிற ஸ்டீல் தேயாமல் என்ன செய்யும்?

மாவில் வந்ததா? காற்றில் வந்ததா? நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, பூஜை நாள். போய்ப் பார்த்துவிடுகிறேன்.

26 செப்டம்பர், வெள்ளி

காலை ஏழு மணிக்கெல்லாம் கிள்ளானில் இருந்தேன். நாகையா அண்ணன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சூடம் காட்டிக்கொண்டிருந்தார். காட்டி முடித்ததும் ராஜாத்தியின் மூடியில் கை வைத்தார். காது வைத்த நட்டு நான்கும் ஒரு நிமிஷத்தில் கழன்றன. வலது கையில் மூன்று விரலால் திருநீறு எடுத்து, ஒவ்வொரு பல்லாக, ஒன்றையும் விடாமல், பிள்ளைகளுக்கு நெற்றியில் இடுவதுபோல இட்டுக்கொண்டே போனார். கிரீஸில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"எத்தனை நாளா இப்படி, அண்ணே?" என்று கேட்டேன்.

"ஏப்ரல்லேருந்தும்மா. செக் பண்ண வந்தவங்க, சாப்பாட்டு மெஷின் மேல திருநீறு குங்குமம் ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு துடைக்கச் சொல்லிட்டாங்க. பதினோரு வருஷமா நான் வச்ச பொட்டு. வெறும் நெத்தியா நிக்கிறதைப் பார்க்க மனசு கேக்கலை. நீங்க வேற நல்ல மூடியா போட்டுக் கொடுத்தீங்க. உள்ள வச்சா யாருக்குத் தெரியும்?"

"வாரம் ஒரு தடவையா?"

"மொதல்ல வெள்ளி மட்டும். முதல் கியர் போனதும் செவ்வாயும் சேர்த்தேன். ரெண்டாவது போனதும், அதுவும் பிளாஸ்டிக் வந்ததும், பயந்துட்டேன்மா. அப்புறம் தினமும்."

எட்டு வாரம், ஏழு வாரம், நாலு வாரம். கணக்கு அப்படியே பொருந்தியது. கியர் எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவு பக்தி, பக்தி எவ்வளவோ அவ்வளவு தேய்மானம்.

"இப்ப தம்பி போட்டது கெட்டியா இருக்கு. ஆனாலும் விடக்கூடாது. புதன்கிழமை ஆயுத பூஜை. அரைக் கிலோ வாங்கி வச்சிருக்கேன்."

அரைக் கிலோ!

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கியரின் முகத்தைத் துணியால் துடைத்து என் ஐந்து புள்ளியைக் காட்டினார். "நீங்களும்தான் வைக்கிறீங்க. பார்த்திருக்கேன். ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டா நல்லதுதானேம்மா?"

அவர் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

27 செப்டம்பர், சனி

அரைக் கிலோ உள்ளே போனால் கியரை விடு, பேரிங்கே தாங்காது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் நாலாவது கியரும் நிற்கும். இங்கிலாந்து மாஸ்டர்ஸ் டிசைன் நிற்கும். பாஸ் என்ன செய்வார்? என்னிடம்தான் வருவார். நான் அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி காட்டிக்கொள்ளலாம்.

நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருப்பது பாவமா? யாரும் என்னைக் கேட்கவில்லையே? கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எப்படிப் பொய்யாகும்?

நாலாயிரம் டின். முப்பது பொம்பளைங்க. ச்சே.

28 செப்டம்பர், ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் எதைப் பற்றி என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. முழு நேரமும் கியர் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் டொமினிக்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கார் பார்க்கிங்கில் அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதன்கிழமைக்குள்ள சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் ஸ்டேஷன் மைக்ல சொல்லுவேன்."

29 செப்டம்பர், திங்கள்

முதலில் ஜீவனிடம் சொன்னேன். முகம் வெளுத்தது. தன் டிராயிங்கை இழுத்து வைத்துக்கொண்டான்.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? சும்மா விட்டிருந்தா என் கியர் போயிருக்கும்."

"தெரியும்."

"போயிருந்தா மாமா மறுபடியும் உங்ககிட்ட..."

"தெரியும்னு சொன்னேன்ல?"

இரண்டு பேரும் சேர்ந்து பாஸ் அறைக்குப் போனோம். பாஸ் நெற்றியில் எப்போதும்போல மூன்று பட்டை, ஓரத்திலிருந்து ஓரம் வரை. நான் சொல்லச் சொல்ல அவர் கை மெல்ல மேலே போய் நெற்றியைத் தடவிப் பார்த்தது. தோல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்போல.

"நான் ஒண்ணும் சொல்லலை லா" என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அதற்குப் பிறகு உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை.

ஜீவன் யோசனை சுலபமானது. காது நட்டை எடுத்துவிட்டு, தனிச் சாவி இல்லாமல் திறக்க முடியாத ஆலன் போல்ட் போட்டு மூடியை இறுக்கி, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்துவிடுவோம். சாவி அக்காவிடம் இருக்கட்டும்.

"அடைச்சா அவர் கிரீஸ் போடற ஓட்டை வழியா போடுவார்" என்றேன். "அவருக்கு அதை வைக்க ஒரு இடம் வேணும் தம்பி. நாம இடம் வரையலை. அதுதான் தப்பு."

நானே பென்சிலை எடுத்தேன். மெஷினின் மோட்டார் பக்கச் சுவரின் வெளிப்புறம், மாவுக்கு எட்டாத தூரம். ஒரு பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு பள்ளம், மேலே கீல் வைத்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி. பொடி கொட்டாது, செக் பண்ண வருகிறவர்களும் குறை சொல்ல முடியாது. பள்ளத்தின் அகலம் மூன்று விரல். பாலனின் விரல்களை வெர்னியரில் அளந்தோம், 51.4 மில்லிமீட்டர். நாகையா அண்ணன் விரல் தடிமன், 55 என்று போட்டேன். பித்தளை கடைசியில் சரியான வேலைக்கு வந்தது.

30 செப்டம்பர், செவ்வாய்

பாலன் தட்டு வெட்டினான், ஜீவனின் கியர் தினமும் பொடி தின்றிருக்கும் என்பதால் வெண்கலத்துக்கு ஜோடியாகப் புதுசாகச் சின்ன ஸ்டீல் கியரும் வெட்டினான். பெரிய கியர்? ஜூனில் வெட்டிய இரண்டாவது வெண்கலம் மூன்று மாதமாக என் மேசையில் காகிதத்துக்குக் காவல் இருந்ததே, அதேதான். டிசைன் ஜூனிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது. இதை ஜீவனே சொன்னான், நான் சொல்ல வைக்கவில்லை. ஒருமுறை மட்டும், "என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

பூஜைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம், நானும் ஜீவனும். அரைக் கிலோ பொட்டலம் தாம்பாளத்தில் தயாராக இருந்தது. மூடியைத் திறந்தோம். ஜீவனின் கியரில் அதற்குள் கீறல். பேரிங்கைக் கையால் சுற்றினால் மணலில் சைக்கிள் ஓட்டுகிற சத்தம்.

லோகேஸ்வரி அக்காவிடம் முதலில் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார், நாகையா அண்ணனைப் பார்த்தார், "நீயே சொல்லு, என்னால முடியாது" என்று அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாம்பல், மணல் சத்து, தேய்மானம் எல்லாம் சொன்னேன். அண்ணன் பொறுமையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம் எனக்கு வேறு ஒன்று தோன்றியது.

"அண்ணே, பழைய கிரீஸை எடுத்துத் துணியில துடைச்சு என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். "சாமி திருநீறைக் குப்பையிலயா போட்டேன்? இத்தனை நாளா?" கண் கலங்கிவிட்டது.

ஏன்தான் இப்படிச் சொன்னேன் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "தொறக்க வசதியா மூடி போட்டுக் கொடுத்தது யாரு? நான்தானே. நானும்தான் காரணம், அண்ணே" என்றேன். ஜீவன் அவசரமாகத் தட்டை எடுத்துக் கொடுத்தான்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூன்று விரலைப் பள்ளத்தில் வைத்தார். கச்சிதம். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"ராஜாத்திக்கு நெத்தி வந்துருச்சு" என்றார்.

பேரிங் மாற்றி, வெண்கல ஜோடியையும் தட்டையும் மாட்டி முடித்ததும் அவரே அழைத்தார். "அந்த அஞ்சு புள்ளியையும் இந்தத் தட்டு மூலையில போட்டுருங்கம்மா."

"இதுல எதுக்கு அண்ணே?"

"அது இருந்ததாலதான் நான் அவ்வளவு பொடி போட்டும் ஏழு வாரம் தாங்குச்சு."

சென்டர் பஞ்சை எடுத்து, முதல் தடவையாக எல்லாரும் பார்க்கும்போதே குத்தினேன்.

மாலையில் எங்கள் பட்டறையிலும் பூஜை. பாலன் பல் வெட்டும் மெஷினுக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தான், ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

நாலாயிரம் டின்னும் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆறு டின் முறுக்கு வந்திருக்கிறது. டொமினிக் இரண்டு டின்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ஏன் வந்தது என்ற கதையோடு கொடுத்திருக்கிறார். இனி நான் ரயிலில் போக முடியாது.

16 ஜனவரி 2026, வெள்ளி

கிள்ளான் போய் அளந்தேன். பதினைந்து வாரம். வெண்கலத்தின் பல் அக்டோபரில் எடுத்த அளவிலேயே நிற்கிறது, தலைமுடி அளவுகூடக் குறையவில்லை. கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தது. வெளியே தட்டில் புதுத் திருநீறு. நாகையா அண்ணன் பொங்கல் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்தால் என் மேசைக்கு எதிரே ஜீவன் டிராயிங்கோடு நிற்கிறான். செராஸில் மீ நூடுல்ஸ் தயாரிக்கிற ஒரு சீனர், அக்காவின் பெக்டரிக்கு வந்தபோது தட்டைப் பார்த்தாராம். அவருடைய மெஷினுக்கும் கியர் பாக்ஸ் வேண்டும், அதில் ஊதுபத்தி செருக மூன்று ஓட்டை வைத்த தட்டு வேண்டும். பாஸ் "ஷார்மைன்கிட்ட காட்டிட்டு வெட்டு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். டிராயிங் அடியில் டிசைனர் என்ற கட்டத்தில் என் பெயரை ஜீவனே எழுதியிருந்தான்.

டிராயிங் சுத்தமாக இருந்தது. ஆனால் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஊதுபத்திச் சாம்பல் எங்க போய் விழும்?"

பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.